நிமிர்ந்து நிற்க வேண்டிய எழுத்து

அத்தியாயம் பத்தொன்பது

"நாளைக்கு நான் ஆபீஸ் போறேன்" என்று அண்ணி சொன்னதும், சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு அண்ணன் எழுந்து போனாரே, அந்த இரவு ஒருவழியாக விடிந்தது.

காலையில் அவர் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டூல் பையைத் தோளில் மாட்டினார். செருப்பைக் காலில் நுழைத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிவிட்டார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவருக்கு, மனசில் இருப்பதை வாய்வரை ஏற்ற மட்டும் தெரியாது.

"போயாச்சா?" என்று கேட்டாள் அண்ணி.

"போயாச்சு."

"கோவம்?"

"பயம் அண்ணி. அவருக்கு ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதான்" என்றாள் சுண்டெலி.

சுண்டெலி, அண்ணனின் ஒரே தங்கை. தொட்டிலில் கிடந்த அளவைப் பார்த்து அண்ணன் வைத்த பெயர், முப்பது வயதைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீடு, ஒரே ஆபீஸ், ஒரே டீம். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற கம்பெனி அது. இவர்கள் எழுதியது ஓடினால்தான் அங்கே ரிப்போர்ட் அச்சாகும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி அப்படியே சரிந்தாள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. கை திரும்பி வந்தது. கால் திரும்பி வந்தது. புத்தி எங்கேயும் போகவே இல்லை. போனது பெயர்கள்தான். சீப்பை எடுத்துத் தலையை அழகாக வாரிக்கொள்வாள். "சீப்பு" என்ற சொல் மட்டும் வராது. "வாரறது எங்க?" என்பாள்.

"அலமாரியில சாமான் எல்லாம் பத்திரமா இருக்கு. மேல ஒட்டின சீட்டுதான் உதிர்ந்து போச்சு" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சீட்டு உதிர்ந்த அலமாரியோடு எப்படி வேலைக்குப் போவது என்பதுதான் அண்ணனின் கவலை. யாராவது சிரித்துவிட்டால்?

மேனேஜரும் பிடி கொடுத்துப் பேசவில்லை. "ஒரு நாள் வந்து பார்க்கட்டும். முடிஞ்சா சந்தோஷம். இல்லன்னா வரவேற்புல உக்காரட்டும், யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்றுதான் சொல்லியிருந்தார். பேசும்போதெல்லாம் மணிக்கட்டைப் பார்ப்பதால் அவருக்கு ஆபீஸில் கடிகாரம் என்று பெயர்.

அந்த ஒரு நாள்தான் இன்று.

*

அண்ணியின் மேஜை இடம் மாறியிருந்தது. வாசலோரத்துச் சந்தடியிலிருந்து எடுத்து, ஜன்னல் மூலையில் போட்டிருந்தார்கள். யார் மாற்றினார்கள் என்று சுண்டெலிக்கே தெரியவில்லை.

"அக்கா! வாங்க வாங்க!" தடித்த கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தான் சோடாபுட்டி. டீமில் இன்னொருவன். "உங்க நாற்காலியில யாரையும் உட்கார விடலக்கா. ஒரே ஒரு தடவை நான் உட்கார்ந்தேன். கழுத்து பிடிச்சுக்கிச்சு."

அண்ணி சிரித்தாள். உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு எழுதி வைப்பார்கள். அதற்கு கிளாஸ் என்று பெயர். இவர்களிடம் அப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. அத்தனைக்கும் அடியில் தாங்கி நிற்பது ஒரு ஃப்ரேம்வொர்க். அது பெயரை வைத்துத்தான் கிளாஸைத் தேடிப் பிடிக்கும். முதலில் எந்தப் பொருள், அடுத்து அது செய்கிற வேலை. சர்க்கரை அளவை அச்சடிக்க வேண்டுமா? சுகர், ரிப்போர்ட், இரண்டையும் ஒட்டி எழுது. அவ்வளவுதான் விதி.

அந்த விதியை டீமில் காலால்கூடத் தீண்டாத ஆள் அண்ணி. அவளுக்கு அன்று இரும்பு ஞாபகம். தோன்றிய பெயரை வைப்பாள். ஒன்று "மிச்சம்மீதி". ஒன்று "மந்திரவாதி". இன்னொன்று "அப்புறம்பாத்துக்கலாம்". ஃப்ரேம்வொர்க் அதையெல்லாம் கண்டுபிடிக்காது என்பதால், எந்த வேலைக்கு எந்தக் கிளாஸ் என்று ஒவ்வொன்றையும் தன் கையாலேயே இணைத்தும் வைத்திருந்தாள்.

"அண்ணி, இதெல்லாம் ஒரு பேரா? நாளைக்கு வேற யாராவது பார்த்தா என்ன புரியும்?" என்று சுண்டெலி அப்போது தலையில் அடித்துக்கொள்வாள்.

"எனக்குப் புரியுதில்ல? விடு" என்பாள் அண்ணி.

அந்தப் பெயர்களில் ஐந்தாறைத்தான், ஒரு வாரமாகக் கண்ணை மூடி மூடி, உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி, எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். சொந்த மகன் பெயரைப் போல ஆசையாக முதல் பெயரைத் தட்டினாள். மிச்சம்மீதி.

அப்படி எதுவும் இல்லை என்றது திரை.

மந்திரவாதி. இல்லை.

அடுத்தது. அதுவும் இல்லை.

அண்ணியின் காது மடல் சிவந்தது. "என்னோடது… எங்க?"

சுண்டெலி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "எல்லாம் இருக்கு அண்ணி. பேர் மாத்திட்டேன்."

"யாரைக் கேட்டு மாத்தின?"

கோபத்தில் மட்டும் அண்ணிக்குச் சொற்கள் தடுக்குவதில்லை. சோடாபுட்டி சட்டென்று தன் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

"யாரைக் கேக்கறது? நீங்க ஐ.சி.யூ.ல இருந்தீங்க" என்றாள் சுண்டெலி மெதுவாக. "நீங்க விழுந்த வாரமே ஒரு ரிப்போர்ட் நின்னு போச்சு. மிச்சம்மீதில ஏதோ கோளாறு. அது என்ன செய்யும்னு இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தர் கண்ணே திறக்கல."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பியவள், அவர்களுக்கெல்லாம் வேறு பெயர் வைத்திருப்பதைக் கேட்டதுபோல இருந்தது அவள் முகம்.

கடிகாரம் அந்த நேரம் பார்த்தா வந்து நிற்க வேண்டும்?

"நல்லா இருக்கீங்களாம்மா? சந்தோஷம்." மணிக்கட்டைப் பார்த்தார். "சின்ன வேலைதான். சிறுநீர் ரிப்போர்ட்ல, சாம்பிள் எப்ப எடுத்தாங்கன்னு ஒரு வரி சேர்க்கணும். நிதானமா பண்ணுங்க."

அவர் போனதும் சுண்டெலி, "நான் திறந்து தரட்டுமா அண்ணி?" என்றாள்.

"வேணாம்."

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய நாளாக இருந்தால் விரல் தானே ஓடியிருக்கும். இப்போது உள்ளே வெறும் இருட்டு. ஒரு பெயரும் இல்லை.

பிறகு, யாரோ கேட்டதுபோலத் தனக்குத்தானே முணுமுணுத்தாள். "என்ன பொருள்?" சிறுநீர். "என்ன வேலை?" அச்சடிக்கறது. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். யூரின், ரிப்போர்ட். ஒட்டி.

திறந்துகொண்டது.

அண்ணி திடுக்கிட்டுப்போனாள். அதை மூடிவிட்டு வேறொன்றை முயன்றாள். என்ன பொருள்? டாக்டர். என்ன வேலை? தேடறது. டாக்டர், சர்ச். திறந்தது! பில். சரிபார்க்கறது. பில், செக்கர். அதுவும் திறந்தது!

எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கேள்வி கேட்டால் போதும், பெயர் தானாகவே கட்டிக்கொண்டு வந்தது. ஏழு மாதமாகப் பெயர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவளுக்கு, கூப்பிட்ட குரலுக்கு வரிசையாக ஓடிவருகிற பெயர்கள்.

அண்ணி சத்தம்போட்டுச் சிரித்துவிட்டாள். நாலு மேஜை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாமா?" என்று கேட்டாள் சுண்டெலியைப் பார்த்து.

"எல்லாம். ஒண்ணு பாக்கியில்லாம."

சோடாபுட்டி தலையை நீட்டினான். "எங்களை வறுத்து எடுத்துட்டாங்கக்கா! ஒரு 's' கூடப் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. 'ஒருமையில வை, ஒருமையில வை'ன்னு. ஒரு நாள் கனவுலகூட வந்து திருத்தினாங்க."

"எனக்காகவா?" அண்ணி கேட்டாள்.

"நீங்க எப்ப திரும்பி வந்தாலும், ஞாபகத்துல இருந்து எடுக்க வேண்டியது எதுவும் இங்க இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றாள் சுண்டெலி. சொல்லிவிட்டு, ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்ட கூச்சத்தில், "சரி சரி, வேலையப் பாருங்க" என்று நாற்காலியை உருட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? அண்ணியும் சொல்லவில்லை. அவளுடைய கை மட்டும் கொஞ்ச நேரம் விசைப்பலகையின் மேல் அப்படியே இருந்தது.

*

மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

ஊரின் பெரிய பரிசோதனைக் கூடத்திலிருந்து. அங்கே இன்றுதான் ஒரு புதுச் சோதனை தொடங்கியிருந்தார்கள். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, பின்னால் வரக்கூடிய நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற சோதனை. அதற்கான கிளாஸைக் காலையில் அவசரமாக எழுதி அனுப்பியவள் சுண்டெலி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். வெண்ணெயாக ஓடியது.

அங்கே ஓடவில்லை.

"ரிப்போர்ட் ஒண்ணுகூட வரலம்மா!" போனில் அந்தக் கூடத்தின் தலைமை அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "மெஷின்ல நம்பர் இருக்கு. ஒரு குழந்தைக்கு அளவு மோசமா காட்டுது. ஆனா எந்தக் குழந்தைன்னு உங்க ரிப்போர்ட் வந்தாதானே தெரியும்? ஆஸ்பத்திரியில சாயங்காலம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும்."

சுண்டெலி அந்தக் கூடத்துச் சர்வரின் செய்தியைத் திரைக்குக் கொண்டுவந்தாள். அப்படி ஒரு கிளாஸே கிடையாது என்றது அது.

"இருக்கே! இதோ இருக்கே!" திரையைத் தட்டினாள். "பேர் சரி, இடம் சரி. எல்லாம் விதிப்படிதான் இருக்கு!"

சோடாபுட்டி பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினார்கள். மறுபடியும் அதே பதில். கடிகாரம் பின்னால் வந்து நின்றார். இந்த முறை மணிக்கட்டைப் பார்க்கவில்லை. அதுவே எல்லாருக்கும் பயமாக இருந்தது.

அண்ணி எழுந்து வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். யாரும் கவனிக்கவில்லை.

இப்போதெல்லாம் அவள் ஒரு சொல்லை முழுசாகப் பார்த்துப் படிப்பதில்லை. முடியாது. விரலை அடியில் வைத்து, எழுத்து எழுத்தாகத்தான் நகர வேண்டும். மற்றவர்கள் ஒரே பார்வையில் தாண்டிப்போன பெயரை அண்ணி முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள். 'ப்ளட்' முடிந்தது. 'ஸ்பாட்' ஆரம்பித்தது.

விரல் நின்றது.

"இது… இது…" சொல் வரவில்லை. எல்லாரும் திரும்பினார்கள். கடிகாரத்தின் முகத்தில் ஒரு தர்மசங்கடம். யாரோ ஒரு பெண், "அப்புறம் சொல்லலாமே…" என்று ஆரம்பித்தாள்.

"பொறுங்க" என்றாள் சுண்டெலி. "சொல்லுங்க அண்ணி."

"இது… உக்காந்திருக்கு." அண்ணி உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். பிறகு மேலே உயர்த்தினாள். "நிக்கணும்."

சுண்டெலி குனிந்து பார்த்தாள்.

இரண்டு சொல்லை ஒட்டி எழுதும்போது இரண்டாவது சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஊரையே அந்த விதிக்காக வறுத்தெடுத்தவள், காலை அவசரத்தில், அண்ணி எப்படிச் சமாளிக்கப்போகிறாள் என்ற கவலையில், 'ஸ்பாட்'டின் 's' எழுத்தைச் சின்னதாகப் போட்டிருந்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பெரியது சின்னது பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும். அங்கே இருக்கிற சர்வர் அப்படியில்லை. ஓர் எழுத்து உட்கார்ந்திருந்தால் அதற்கு அது வேறு ஆள்.

"கடவுளே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நானா? நானா இதைப் பண்ணினேன்?"

"திருத்தற டீச்சரே மாட்டிக்கிட்டாங்க!" என்றான் சோடாபுட்டி. யாருக்கும் சிரிக்க நேரமில்லை. சுண்டெலி அந்த எழுத்தை எழுப்பி நிற்க வைத்தாள். அனுப்பினாள். போனை எல்லாருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தாள்.

எதிர்முனையில் அச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. காகிதம் காகிதமாக வந்துகொண்டே இருந்தது.

"வருது… வருதும்மா… ஒரு நிமிஷம்." அந்த அம்மா யாரிடமோ எண்ணைச் சொன்னாள், யாரோ ஓடினார்கள், வேறொரு போனில் பேச்சு. இங்கே ஒருவரும் நகரவில்லை. பிறகு குரல் திரும்பி வந்தது. "கிடைச்சாச்சு. பெண் குழந்தை. அப்பாக்காரர் டாக்ஸி கூப்பிட வெளிய போயிருந்தாராம், குழந்தையை வார்டுலயே நிறுத்திட்டாங்க. டாக்டர் போயிட்டாரு." குரல் உடைந்தது. "யாரும்மா கண்டுபிடிச்சது? அவங்க நல்லா இருக்கணும்."

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

அண்ணி போனை நோக்கிக் குனிந்தாள். "குழந்தை நல்லா இருக்கட்டும்" என்றாள். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

*

சாயங்காலம் கடிகாரம் சுண்டெலியை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

"வரவேற்பு, அது இதுன்னு நான் சொன்னதை மறந்துடுங்க. அவங்க நாளையில இருந்து டீம்லதான். அரை நாள் போதும், மெல்ல ஏத்திக்கலாம்." கொஞ்சம் தயங்கினார். "உங்கண்ணன் நேத்து ராத்திரி போன் பண்ணினாரு, தெரியுமா?"

சுண்டெலிக்குச் சுருக்கென்றது. வேலைக்கு எடுக்காதீங்கன்னு கெஞ்சியிருப்பாரோ? அதை மட்டும் செய்திருந்தால், அண்ணன் என்று பார்க்க மாட்டேன்.

"சத்தமில்லாத இடமா பார்த்து மேஜை போடுங்கன்னாரு. சொல்லு வரலன்னா யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், காத்திருந்தா வந்துடும்னாரு. அவ்வளவுதான் பேசினாரு. பாதி நேரம் சும்மா மூச்சு விட்டுக்கிட்டிருந்தாரு."

சுண்டெலி கதவிடுக்கு வழியே ஜன்னல் மூலையில் இருந்த அண்ணியின் மேஜையைப் பார்த்தாள்.

"இப்ப உங்க விஷயம். நம்ம அடுத்த ஊர் ஆபீஸ்ல ஆளுக்கொரு பேர் வெச்சுக் குட்டிச்சுவர் பண்ணி வெச்சிருக்காங்க. அதை ஒழுங்குபடுத்த ஒரு தலைமை வேணும். நீங்கதான்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. ஒரு வருஷம். அடுத்த வாரம் கிளம்பணும். நாளைக்குச் சொல்லுங்க."

எத்தனை வருஷமாக ஏங்கிய பதவி! இன்றைக்கா வர வேண்டும்?

இருவரும் கீழே இறங்கியபோது வாசல் காவலாளி சுண்டெலியைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், லிஃப்ட்டுல ஏதாவது புகார் கொடுத்திருந்தீங்களா? காலையில இருந்து ஒருத்தர் டூல் பையோட நின்னு பார்த்துக்கிட்டே இருக்காரு. லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. கேட்டா, 'சத்தம் வருது, சத்தம் வருது'ங்கறாரு."

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி, அண்ணன். அது அவர் கம்பெனி லிஃப்ட்கூட இல்லை.

"சரியாயிடுச்சா?" என்று கேட்டாள் அண்ணி.

"எது?"

"சத்தம்."

அண்ணன் அசடு வழிந்தார். பையைத் தூக்கிக்கொண்டார். "வா, வண்டி அந்தப் பக்கம் நிக்குது" என்று முன்னால் நடந்தார். நாலடி போனவர் நின்று, அண்ணியின் கையிலிருந்த சாப்பாட்டுப் பையையும் வாங்கிக்கொண்டார்.

வழியில் மருந்து வாங்க வண்டியை நிறுத்திவிட்டு அவர் இறங்கிப் போனார். வேனின் முன் இருக்கையில் அண்ணியும் சுண்டெலியும் மட்டும், தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

"நீ இல்லன்னா நான் இன்னைக்குத் தொலைஞ்சிருப்பேன்" என்றாள் அண்ணி.

"நீங்க இல்லன்னா நான்தான் தொலைஞ்சிருப்பேன். அந்தக் குழந்தையும்."

அண்ணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விடவில்லை. சுண்டெலிக்கு மறைக்க மனசு வரவில்லை. இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே முடியாது.

"அண்ணி. என்னை அடுத்த ஊர் ஆபீஸுக்குத் தலைமையா கூப்பிடறாங்க. ஒரு வருஷம். அடுத்த வாரமே."

அண்ணி வெகுநேரம் பேசவில்லை. சுண்டெலியும் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தாள். எதிரே அண்ணன் மருந்துப் பொட்டலத்தோடு சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுண்டெலியின் தோளில் செல்லமாக ஓர் இடி இடித்தாள்.

"போ!" என்றாள்.

அண்ணன் கதவைத் திறந்து ஏறிவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது. அந்தப் "போ", போய் வா என்று அனுப்புகிற போவா, போடி, உன்னை விடுவேனா என்கிற போவா? சுண்டெலி திரும்பித் திரும்பி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மட்டும் இன்னும் விடவில்லை.